பித்தம் தெளிந்த பிறகு

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மாவட்ட நீதிமன்றத்தின் வராந்தாவில் வேறொரு வேலையாகக் காத்திருந்தேன். காலை பதினொன்றரை மணி இருக்கும். சிறையிலிருந்து வாய்தாவுக்கு அழைத்து வரப்பட்ட ஏழெட்டுப் பேர் சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் இருந்தவருக்கு முப்பது வயதிருக்கலாம். சட்டைப் பொத்தான்களை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தார். உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன. நான் அவரைப் பார்ப்பதைக் கவனித்த காவலர், கேட்காமலேயே சொன்னார்: "அது பைத்தியம் சார். அதுக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டடி தள்ளித் தூணைப் பிடித்தபடி அந்த மனிதரின் அம்மா நின்றிருந்தார். கையில் ஒரு மஞ்சப்பை. அதற்குள் மாத்திரை அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும். "மாத்திரைய விட்டுட்டான் ஏட்டய்யா. ஒழுங்காப் போட்டா தெளிஞ்சிருவான்" என்று அந்தக் காவலரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். "உள்ளே டாக்டர் இருக்காரும்மா, அவர் பார்த்துக்குவாரு" என்று சொல்லி, அவர் அட்டையை வாங்க மறுத்துவிட்டார்.

ஒரே ஆளைப் பற்றி ஒருவர் 'அது' என்றார்; ஒருவர் 'தெளிஞ்சிருவான்' என்றார். வீடு திரும்பிய பிறகும் அந்த இரண்டும் காதில் நின்றன. அன்றிரவு அகராதியை எடுத்தேன்.

பைத்தியம் என்ற சொல்லின் வேர் பித்தத்தில் இருக்கிறது. சிவத்திலிருந்து சைவம் வந்தது போல, பித்தத்திலிருந்து வடமொழி வழியில் உயிர் நீண்டு பைத்தியம் வந்தது. பித்தம் தொடர்பானது என்பதே அதன் முதற்பொருள். வாதம், பித்தம், கபம் என்று உடம்பை மூன்றாகப் பார்த்த வைத்தியத்தில், பித்தம் எல்லோர் உடம்பிலும் இருப்பது. இல்லாமல் இருந்தால் சோறு செரிக்காது. அது மிகும்போதுதான் தொல்லை. பித்தம் ஏறும், தலைக்கேறும், பிறகு இறங்கும், தணியும், தெளியும். நம் பேச்சில் இந்தச் சொல்லோடு சேரும் வினைகள் அத்தனையும் வருவதையும் போவதையும் சொல்பவை. வழி தெரியாமல் தவிப்பவரைப் பற்றி 'எதைத் தின்றால் பித்தம் தெளியும்' என்று அலைகிறார் என்கிறோம். பித்தம் தெளியும் என்பதில் அந்தப் பழமொழிக்குச் சந்தேகமே இல்லை. எதைத் தின்றால் என்பது மட்டும்தான் கேள்வி. வராந்தாவில் நின்ற அந்த அம்மாவின் வாயில் வந்த 'தெளிஞ்சிருவான்' இந்தப் பழைய மருத்துவத்தின் சொல். கலங்கிய குளத்து நீர் தெளிவது போல, ஆள் அங்கேயேதான் இருக்கிறார், கலங்கல்தான் அடங்க வேண்டும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

எப்போது கெட்டது என்றால், நோயின் பெயர் ஆளின் பெயரானபோது. 'அவனுக்குப் பைத்தியம்' என்பதில் நான்காம் வேற்றுமை இருக்கிறது. அவன் வேறு, பைத்தியம் வேறு. காய்ச்சல் வந்தவனைச் சொல்வது போலத்தான் அது. 'அவன் பைத்தியம்' என்னும்போது வேற்றுமை உருபு விழுந்துவிடுகிறது, இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்த படியில் 'அவன்' என்பதும் விழுந்து 'அது பைத்தியம்' ஆகிறது. காய்ச்சல்காரரை யாரும் 'அது காய்ச்சல்' என்பதில்லை. மனிதரைக் குறித்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியர் ஒரு நூற்பாவில் அடுக்கிச் சொல்கிறார். உறுப்பு பற்றிய சொற்களும் வெறுப்பில் பிறக்கும் சொற்களும் அந்த வரிசையில் உண்டு. திணை இறக்கம் நம்மிடம் புதிதாக வந்ததில்லை என்பதை வருத்தத்தோடுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் இதே மொழியில், இதே சொல்லை வைத்து ஒரு நீதிமன்றக் கதையும் இருக்கிறது. சேக்கிழார் சொல்லும் கதை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, 'நீ எனக்கு வழிவழி அடிமை' என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்கிறார். பித்தனென்றாலும் பேயனென்றாலும் தனக்கு வெட்கமில்லை என்கிறார் கிழவர். ஓலை பிடுங்கப்பட்டுக் கிழிக்கப்படுகிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. இந்தக் கதையைப் பக்திக்காகக் கேட்டு வளர்ந்த நாம், அந்த அவையார் செய்ததைக் கவனிப்பதில்லை. பித்தன் என்று பெயர் வாங்கிக்கொண்டு வந்தவரை அவர்கள் துரத்தவில்லை. உட்காரவைத்து, சாட்சி என்ன என்று கேட்டார்கள். கிழிந்தது படியோலைதான், மூல ஓலை இருக்கிறது என்று அவர் சொன்னதை ஏற்று, அதைச் சுந்தரருடைய பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பார்த்த பிறகு தீர்ப்புச் சொன்னார்கள். எதிராளி சொன்ன பட்டப்பெயர் அந்த அவையில் சான்றாகச் செல்லவில்லை. பின்னால், அந்தப் பித்தன் என்ற சொல்லையே முதலாக வைத்துப் பாடு என்று கிழவராய் வந்த சிவனே கேட்கிறார். வசை சாமியின் பெயராகிவிடுகிறது.

இனி கடல் கடந்த சொல் ஒன்று. நம்மை ஆண்ட சட்டம் 'லூனாடிக்' என்ற சொல்லோடு வந்தது. இலத்தீனில் லூனா என்றால் நிலா. நிலவு வளர்ந்து தேய்வது போல மனமும் வளர்ந்து தேயும் என்ற பழைய நம்பிக்கையில் பிறந்த பெயர். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் சட்ட மரபைத் தொகுத்தெழுதிய வில்லியம் பிளாக்ஸ்டோன், பிறவியிலேயே அறிவு வளராதவரையும் லூனாடிக்கையும் தனித்தனியாகப் பிரிக்கிறார். லூனாடிக் என்பவர் அறிவோடு இருந்து, நோயாலோ துயராலோ அதை இழந்தவர். நடுவில் தெளிந்த காலங்களும் உடையவர். அதாவது இங்கிலாந்தின் சொல்லும் ஏறி இறங்குவதுதான்! நிலவுக்கும் பித்தத்துக்கும் இருந்த இந்த ஒற்றுமையைக் கண்டபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டு மக்கள், இரண்டு மருத்துவங்கள், கண்டது ஒன்றையே.

அந்தத் தெளிந்த காலம் இந்தியாவுக்கு வரும் வழியில் தொலைந்துபோனது. 1858இன் பைத்தியக்கார விடுதிச் சட்டமும் அதன் இடத்துக்கு வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் லூனாடிக் என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில், பிறவிக் குறையும் வந்துபோகும் நோயும் ஒரே சொல்லில் அடைக்கப்பட்டன. வளர்பிறையும் தேய்பிறையும் இல்லாத நிலவாகிவிட்டது அது. அதோடு இன்னொரு அடைமொழியும் சேர்ந்தது: கிரிமினல் லூனாடிக். அதன் பின்னால் 1800ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலச் சட்டம் இருக்கிறது. நாடக அரங்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரை நோக்கிச் சுட்ட ஜேம்ஸ் ஹாட்ஃபீல்டு, போரில் தலையில் வெட்டுப்பட்ட படைவீரர். மனம் பிறழ்ந்தவர் என்று நடுவர் குழு அவரை விடுவித்தது. விடுவிக்கப்பட்டவரை வெளியே விட மனமில்லாமல் அவசரமாகச் செய்யப்பட்ட சட்டம் அது: மன்னரின் திருவுளம் தெரியும்வரை காவலில் வைத்திரு. 'திருவுளம் தெரியும்வரை' என்பதற்குத் தேதி கிடையாது. குற்றவாளிக்குத் தண்டனை முடியும் நாள் உண்டு. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கிய இவருக்கு இல்லை. அதன் நிழல் இன்றும் நம் நடைமுறைச் சட்டத்தில் விழுகிறது. மனநிலை காரணமாக விடுதலை பெற்றவரைப் பாதுகாப்பான காவலில் வைக்க நீதிமன்றம் உத்தரவிடலாம்.

நம் பழைய தண்டனைச் சட்டத்தில் மனநிலை பிறழ்ச்சி பற்றிய 84ஆம் பிரிவு இன்னொருவரின் கதை. 1843 ஜனவரி 20 அன்று லண்டனில் எட்வர்ட் டிரம்மண்ட் என்பவரை ஒருவர் முதுகில் சுட்டார். பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளர் டிரம்மண்ட். அவரையே பீல் என்று சுட்டவர் நினைத்திருந்தார் என்பார்கள். டிரம்மண்ட் ஐந்து நாளில் இறந்தார். சுட்டவர் கிளாஸ்கோ நகரத்துக் கடைசல் தொழிலாளி டேனியல் மக்நாட்டன். டோரிக் கட்சிக்காரர்கள் தன்னைத் துரத்தித் துரத்தி வதைப்பதாக நம்பியவர். அவர் விடுதலையானதும் எழுந்த கொதிப்பில், நீதிபதிகளை அழைத்துக் கேள்வி கேட்டு வாங்கிய பதில்கள்தான் உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் அவர் பெயரால் ஓதப்படும் விதிகள். அந்தப் பெயரையே புத்தகத்துக்குப் புத்தகம் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள். விதிக்குப் பெயர் கொடுத்தவரின் பெயர் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதுகூட நிலைப்படவில்லை. அவர் வெளியே வரவே இல்லை. பெத்லெம் விடுதியில் இருபதாண்டு, பிறகு பிராட்மூர்; 1865இல் இறந்தார்.

நம் தண்டனைச் சட்டத்துக்கு மெக்காலே 1837இல் எழுதிய வரைவில் இந்தச் சுற்றுவழி இல்லை. செய்யும் நேரத்தில் பித்தாலோ ஜன்னியாலோ செய்தது குற்றமாகாது என்ற அளவில் நேராகவே எழுதியிருந்தார். 1860இல் சட்டமானபோது மக்நாட்டனின் நிழல் விழுந்துவிட்டது: 'மனநிலை பிறழ்ச்சி', அதனால் தான் செய்வது இன்னதென்றோ, அது தவறென்றோ சட்டத்துக்கு மாறானதென்றோ அறிய இயலாமை. நம் ஊர்ப் பத்திரங்களில் 'சித்த சுவாதீனம்' என்று எழுதுகிறோமே, அதன் இருப்பிடம் இதுதான். சித்தம் தன் வசத்தில் இருத்தல். அழகான தொடர், நியாயமான கேள்வி. 2023இல் புதிய நியாயச் சட்டத்தின் முதல் வரைவில் 'மனநோய்' என்று மாற்றிப் பார்த்தார்கள். நாடாளுமன்றக் குழு அது பரந்துவிட்ட சொல் என்று சொன்னதால், 22ஆம் பிரிவில் 1860இன் சொல்லே திரும்பி வந்து உட்கார்ந்தது.

பெத்லெம் என்றேன். பெத்லகேம் என்ற புனித ஊரின் பெயரில் 1247இல் லண்டனில் தொடங்கிய மடம் அது. பின்னால் மனநோயர் விடுதியாகி, பேச்சுவழக்கில் பெட்லம் என்று தேய்ந்து, ஆங்கிலத்தில் அமளிக்கே பெயராகிவிட்டது. நமக்குக் கீழ்ப்பாக்கம். பாக்கம் என்பது தொண்டை நாட்டில் ஊருக்குச் சாதாரணமாக வரும் விகுதி. சேப்பாக்கம், நுங்கம்பாக்கம், புரசைவாக்கம் போல. சென்னையில் 1794இல் வாலண்டைன் கானலி என்ற மருத்துவர் நடத்தத் தொடங்கிய சிறிய விடுதியின் வழித்தோன்றல், 1871இல் கீழ்ப்பாக்கத்தின் லோகாக் தோட்டத்துக்கு 145 நோயாளிகளோடு இடம் மாறியது. 1922இல் விடுதி என்ற பெயர் போய் மருத்துவமனை ஆனது. இன்று அரசு மனநலக் காப்பகம். பலகையில் பெயர் மாறிக்கொண்டே வந்தது. சினிமாவும் தெருவும் மட்டும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பதை விடவில்லை. அந்தக் 'கேஸ்' என்ற சொல்லைக் கவனித்தால் நெஞ்சு கனக்கிறது. ஆஸ்பத்திரியிலும் கேஸ், கோர்ட்டிலும் கேஸ். நோயாளியும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே சொல்லுக்குள் நிற்கிறார்கள், இரண்டு கட்டுகளாக. ஒரு கட்டு இன்னொரு கட்டைச் சந்திப்பதில்லை.

சந்திக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அசாமில் ஒருவர் வாழ்ந்து காட்டியிருக்கிறார். பெயர் மசாங் லாலுங். அந்த லாலுங் என்பதுகூடத் திவா பழங்குடியைப் பிறர் அழைத்த பெயர். 1951இல், 23ஆம் வயதில், கொடுங்காயம் விளைவித்ததாகக் கைதானார். தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967இல் மருத்துவர்கள் நலமாகிவிட்டார் என்று சான்று கொடுத்தார்கள். பித்தம் தெளிந்துவிட்டது, ஏட்டில் எழுதியும் ஆயிற்று. ஆனால் அவர் போனது வீட்டுக்கல்ல, குவாஹாட்டிச் சிறைக்கு. விசாரணை நடக்கவில்லை. 2005இல் தேசிய மனித உரிமை ஆணையம் தலையிட்ட பிறகு, ஒரு ரூபாய் சொந்தப் பிணையில் வெளியே வந்தார். வயது 77. ஐம்பத்து நான்கு ஆண்டுகள். இரண்டாண்டில் இறந்துபோனார்.

யாரும் அவரைச் சிறைவைக்கத் திட்டமிடவில்லை என்பதுதான் இதில் மிகவும் கொடியது. சட்டத்தில் வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரால் தன் தரப்பைச் சொல்ல முடியாத மனநிலை என்றால் நீதிபதி விசாரணையை ஒத்திவைக்க வேண்டும். தெளிந்ததும் திரும்பத் தொடங்க வேண்டும். முன்பு குற்ற நடைமுறைச் சட்டத்தில் 328 முதல் 339 வரை, இன்றைய சட்டத்தில் 367 முதல் 378 வரை அதற்கென்றே ஓர் அத்தியாயம். ஆனால் தெளிந்தாரா என்று பார்ப்பது மருத்துவமனையின் வேலை, பார்த்ததைச் சொல்வது சிறையின் வேலை, சொன்னதைக் கேட்பது நீதிமன்றத்தின் வேலை. நடுவில் ஒரு கடிதம் நின்றால் ஒரு வாழ்வு நின்றுவிடும். வாய்தா என்ற சொல் அரபியிலிருந்து உருது வழியாக நம் கோர்ட்டுக்கு வந்தது. வாக்குறுதி என்பது அதன் மூலப்பொருள்; இந்தத் தேதியில் வருகிறேன், இந்தத் தேதியில் கேட்கிறேன் என்ற வாக்கு. லாலுங்குக்கு அந்த வாக்கைக் கொடுக்க ஆளில்லை.

அவர் தனியாள் அல்ல. அன்றைய பீகாரின் ஹசாரிபாக் மத்திய சிறையில் மனம் பிறழ்ந்தவர்கள் என்று வைக்கப்பட்டுத் தெளிந்த பிறகும் இருபது, முப்பது ஆண்டுகள் கிடந்தவர்களைப் பற்றி, அங்கிருந்த இலவசச் சட்ட உதவிக் குழு எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று 1982இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அதே பீகாரில் ருதுல் சா 1968 ஜூனில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வாங்கியவர். 1982 அக்டோபரில்தான் வெளியே வந்தார். ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, விடுதலையானபோது அவர் பைத்தியமாக இருந்தார் என்பது சிறையின் பதில். எந்த மருத்துவர் சொன்னார், எதை வைத்துச் சொன்னார் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது, காட்ட ஒன்றுமில்லை. திருவெண்ணெய்நல்லூர் அவை கேட்ட அதே கேள்வி: மூல ஓலை எங்கே? முப்பத்தைந்தாயிரம் ரூபாய் இழப்பீடு என்று 1983இல் தீர்ப்பானது. பதினான்கு ஆண்டுகளை அந்த ஒற்றைச் சொல்லால் மூடிவிடலாம் என்று ஒரு நிர்வாகம் நம்பியிருக்கிறது என்பதே எனக்கு அந்த வழக்கில் ஆறாத பகுதி.

இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். 'நான்-கிரிமினல் லூனாடிக்'. மேற்கு வங்கச் சிறைகளில் இந்தப் பெயரில் ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். குற்றமில்லாதவர் என்று பெயரிலேயே எழுதி, அந்தப் பெயரோடு சிறையில் அடைத்திருந்தார்கள். தெருவில் அலைந்தார்கள் என்றோ, வீட்டார் ஒப்படைத்தார்கள் என்றோ பிடித்தது. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரைச் சொல்லி. பத்திரிகையாளர் ஷீலா பார்சே தொடுத்த வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கும் அரசமைப்புக்கும் விரோதம் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சொல்லுக்குள் இத்தனை பட்டவர்த்தனமாக உண்மை எழுதியிருந்தும், தினமும் அதைப் பதிவேட்டில் எழுதியவர்களின் கை நிற்கவில்லை. பெயர் பழகிவிட்டால் பொருள் கண்ணில் படாது போலும்.

பெயர்கள் பிறகு மாறின. 1987ஆம் ஆண்டுச் சட்டம் லூனாடிக்கை நீக்கி 'மனநோயுள்ள கைதி' என்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் ஆளை முன்னால் வைத்து நோயைப் பின்னால் தள்ளியது. வெறும் சொல்மாற்றம் என்று இதை ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை, ஏனென்றால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் இரண்டு வரிகள் இருக்கின்றன. முன்பு சிகிச்சை பெற்றார் என்பது மட்டுமே இன்று அவருக்கு நோய் என்று முடிவுகட்டப் போதாது. மனநோய் உண்டு என்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக் கூடாது. அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும். தொலைந்துபோன வளர்பிறையும் தேய்பிறையும் நூற்றைம்பது ஆண்டுக்குப் பிறகு சட்டப் புத்தகத்துக்குத் திரும்பி வந்த இடம் என்று இதைப் படிக்கிறேன். 103ஆம் பிரிவு, மாநிலத்தில் ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலாவது மனநல நிலையம் இருக்க வேண்டும் என்கிறது; சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இங்கே மனநோயுள்ள சிறைவாசி யாரும் இல்லை என்று சீராய்வு வாரியத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும் என்கிறது. அந்தச் சான்றில் கையெழுத்துப் போடுமுன் மருத்துவர் கொட்டடிகளைச் சுற்றி வருகிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கண்டுபிடித்தால் வேலை, காணாவிட்டால் சான்று என்று அமைந்த ஒரு படிவம் எனக்கு அச்சம் தருகிறது.

2019இல் உச்ச நீதிமன்றம் ஒரு மரண தண்டனை வழக்கை விசாரித்தது. தண்டனைக்குப் பிறகு கடும் மனநோய்க்கு ஆளானவர். நோயாளியின் அந்தரங்கத்தைக் காக்க, தீர்ப்பில் அவர் பெயரை எழுதாமல் 'குற்றஞ்சாட்டப்பட்ட எக்ஸ்' என்றே குறித்தது. தூக்கை மாற்றி ஆயுள் முழுதும் சிறை என்றது. மனநோயைக் காரணம் காட்டி மரண தண்டனையைக் குறைக்கலாம் என்ற கதவை 2014இன் சத்ருகன் சவுகான் தீர்ப்பு ஏற்கெனவே திறந்திருந்தது. லூனாடிக் முதல் கீழ்ப்பாக்கம் கேஸ் வரை ஆளின் பெயரை அழித்து வேறு பெயர் ஒட்டிய கதைகளையே படித்து வந்தவனுக்கு, மரியாதைக்காகப் பெயரை மறைத்த இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றியது.

வராந்தாவுக்கு வருகிறேன். பன்னிரண்டேகால் மணிக்கு டவாலி வாசலுக்கு வந்து மூன்று முறை பெயர் சொல்லி அழைத்தார். முதல் அழைப்பிலேயே கடைசியில் இருந்தவர் எழுந்துவிட்டார். "இருக்கேன் ஐயா" என்றார், தெளிவாக. ஒன்றும் தெரியாது என்று சொல்லப்பட்டவர், தன் பெயர் தெரிந்து எழுந்தார். உள்ளே போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். அடுத்த வாய்தா பதினைந்து நாள் தள்ளி. மாத்திரை அட்டை மஞ்சப்பையிலேயே இருந்தது.

எல்லோரும் வண்டியில் ஏறிய பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார். தேதி மறந்துவிடும், பின்பக்கம் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் நீட்டினார். தனக்குச் சர்க்கரைக்கு வாங்கின சீட்டும் அதே பையில் இருக்கிறதாம், கலந்துவிடுமாம்.

"தேதிக்குப் பக்கத்துல அவன் பேரையும் எழுதிருங்க சார்."